தீயில் கிடந்து "குளிருது" என்றவர்

திங்கள், ரயிலில்

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகுதான் கிளம்பினோம். கோவையில் ஏறும்போது பெட்டியில் பாதி இடம் காலி. பாலக்காடு தாண்டியதும் டீக்காரரின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மலையாளத்துக்குச் சாய்ந்தது. ஷொறணூரில் முழுசாக மாறிவிட்டது.

கூட வருபவள் கல்லூரித் தோழி. இசை, நடன மானிடவியல் அவள் துறை. வேஷம் கட்டியவரே தெய்வமாக வந்து ஆடும் வடகேரள வழிபாடு தெய்யம். தெய்யக் காலம் வந்துவிட்டால் அவளை ஊரில் பிடிக்க முடியாது. நான் பராமரிப்புப் பணியைப் பற்றி ஆராய்கிறவள். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போடுவது, குளிப்பாட்டுவது, பீ மூத்திரம் அள்ளுவது, வாயில் கஞ்சி வைப்பது என்று இதையெல்லாம் யார் செய்கிறார்கள், என்ன கூலிக்குச் செய்கிறார்கள், கூலி இல்லையென்றால் எந்தப் பேரைச் சொல்லிச் செய்ய வைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இரண்டு பேரும் வடகேரளத்துக்கு ஒன்றாகக் கிளம்பியதைப் பார்த்து எங்கள் பேராசிரியர் சிரித்தார். "ஆஸ்பத்திரியும் திருவிழாவும் ஒரே டிக்கெட்டிலா?"

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வண்டி திரூர் தாண்டும்போது தோழியே எடுத்துக் கொடுத்தாள். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934இல் பாரிஸில் ஓர் உரை நிகழ்த்தினார். மனிதர் நடப்பது, நீந்துவது, உட்காருவது எல்லாம் இயற்கையாக வருவதில்லை, ஒவ்வொரு சமூகமும் உடம்புக்குக் கற்றுத்தருகிற வித்தைகள் அவை என்பது அதன் சாரம். இன்றைக்கும் நடன ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் படிக்காமல் நகர முடியாது. அந்த யோசனை அவருக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? நியூயார்க்கில் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது! நர்சுகள் நடக்கும் நடையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்திருக்கிறார். சினிமாவில் பார்த்தது என்று பிறகு உறைத்தது. பாரிஸ் திரும்பினால் அங்கேயும் பெண்கள் அதே நடை நடக்கிறார்கள்.

நடன ஆராய்ச்சிக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் உரைக்கு விதை போட்டது நர்சுகள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

செவ்வாய், கோழிக்கோடு

ஜனவரி 15 இங்கே வலி நிவாரண, பாலியேட்டிவ் நாள். பாலியேட்டிவ் என்றால் தீராத நோயில் கிடப்பவரின் வலியைத் தணித்துப் பராமரிப்பது. அதற்கு ஒட்டிய சுவரொட்டிகள் இன்னும் கிழியவில்லை. இந்தியாவில் வேறெங்கே போய் இப்படி ஒரு நாளுக்குச் சுவரொட்டி பார்ப்பது? நம் பக்கம் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லும் இடத்தில்தான் இங்கே ஒரு வேலை ஆரம்பமாகிறது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடும் வலிக்குத் தருகிற, அபினிலிருந்து வரும் மார்ஃபின் மாத்திரை அப்போது கிடைப்பதே குதிரைக்கொம்பு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரனுக்குப் போட்ட பூட்டு, புற்றுநோயாளியின் மருந்தலமாரியிலும் விழுந்திருந்தது. நாடு முழுக்க அதைத் தளர்த்தும் திருத்தம் வர 2014 ஆயிற்று. அதற்கு முன்னாலேயே, 2008இல், கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்துவிட்டது.

சாயங்காலம் கடற்கரை, உப்பிலிட்ட நெல்லிக்காய் என்று சுற்றினோம். அதை விவரிக்கப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இரவு ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் மெஹ்பில், அதாவது பாட்டுக்கூடல். ஆர்மோனியம், தபலா, பாய் விரித்த தரை. இந்த ஊரில் பாட்டு இப்படித்தான் வளர்ந்தது. இசையமைப்பாளர் எம்.எஸ். பாபுராஜ் (1929–1978) சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர், பின்னாளில் இதுபோன்ற மாடிகளில்தான் ராத்திரி முழுக்கப் பாடியிருக்கிறார். பாடியவர்களில் ஒருவர் பகலில் சுமைதூக்கும் தொழிலாளி, வாரத்தில் ஒருநாள் பாலியேட்டிவ் தொண்டர். நோயாளி வீட்டிலும் பாடுவீர்களா என்று கேட்டேன். "கேட்டா பாடுவேன். கேட்காம பாடினா அது உபத்திரவம்" என்றார். இசைச் சிகிச்சை பற்றி நான் உட்கார்ந்து கேட்ட கருத்தரங்குகளில் இவ்வளவு கச்சிதமாக ஒருத்தரும் பேசியதில்லை.

புதன், மலப்புறம் பக்கம் ஒரு கிராமம்

வீட்டுப் பராமரிப்பு வண்டியில் இடம் கிடைத்தது. ஒரு நர்ஸ் சேச்சி (நம் 'அக்கா'), வீடு வீடாகப் போகும் ஊர்ச் சுகாதாரப் பெண்ணான ஒரு ஆஷா பணியாளர், ஓட்டுநரும் தொண்டருமாக ஒருவர், பின்சீட்டில் நான். நோயாளிகளின் பெயர், ஊர் எதையும் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தோழியை வர வேண்டாம் என்றார்கள், ஒரு வீட்டுக்குள் இத்தனை பேர் நுழைந்தால் கல்யாண வீடாகிவிடும் என்று.

இந்த மாவட்டத்தில் பாலியேட்டிவ் என்பது ஆஸ்பத்திரிக் கட்டிடம் அல்ல. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் இங்கே அக்கம்பக்கத்தாரே சேர்ந்து வலைப்பின்னல்போல ஒரு முறையை உருவாக்கினார்கள். கடைகளில் உண்டியல், கொஞ்சம் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள், வாரம் ஒருமுறை நர்ஸ், தேவைப்பட்டால் டாக்டர். பிறகு பஞ்சாயத்துகளும் இதைத் தோளில் ஏற்றிக்கொண்டன.

மூன்றாவது வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியவர். வாசற்படி ஏறும்போதே சேச்சி "உப்பா, இன்னிக்கு என்ன சண்டை?" என்று குரல் கொடுத்தார். உப்பா என்றால் அப்பா. பெரியவரின் இடது கண் மட்டும் சிரித்தது. இடுப்பெலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். வாடை அறை முழுக்க நின்றது.

அடுத்து சேச்சி செய்ததை என்னால் முடிந்தவரை எழுதி வைக்கிறேன். முதலில் கட்டிலோடு தன் முழங்காலை ஒட்டி நின்றார். முதுகை வளைக்கவில்லை, முட்டியை மடக்கினார். பெரியவர் படுத்திருந்த விரிப்பின் மேல் குறுக்காகப் போட்ட இன்னொரு துணியைத் தன் பக்கம் சுருட்டிக்கொண்டே வந்து, இடுப்புக்கு நெருக்கமாகப் பிடித்தார். மருமகள் அந்தப் பக்கம். "உப்பா, மூச்சு விடுங்க." அவர் மூச்சு விடும் அந்த நொடியில் துணி நகர்ந்தது, உடம்பு புரண்டது. தூக்கவே இல்லை. ஒரு கை தோளிலும் மறு கை இடுப்பிலும் அப்படியே நின்றன, அவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம் போகும்வரை. பிறகு உப்பு நீரால் கழுவி, வாடை அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினார். வேலை நடக்கும்போதே பேச்சும் நடந்தது: பேரனின் ஃபுட்பால், ஊர்த் தேர்தல், மீன் விலை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வெளியே வந்து கைகழுவியதும் குழாயடியில் மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்துவிட்டார்.

இப்படி முகத்தைக் காப்பதும் வேலையே என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983இல் எழுதினார். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பை ஆராய்ந்து, அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். சேச்சியிடம் அதைச் சொன்னேன். "அதுக்குத் தனியா சம்பளம் உண்டாமா?" என்றார்.

ஆஷா பணியாளருக்குச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. 2005இல் தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தோடு பிறந்த இந்தப் பெண்களை அரசு ஏட்டில் 'தன்னார்வலர்' என்றே எழுதுகிறார்கள். கிடைப்பது மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்தது, எல்லோரும் கைதட்டினோம். 2025 பிப்ரவரி முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மாநிலம் தந்த 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொன்னது கோரிக்கை. வண்டியில் என் பக்கத்தில் இருந்தவர் அதில் கலந்துகொண்டாரா என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்: "சேவைன்னு சொல்லிட்டா அப்புறம் வாய் திறக்க முடியாது பாருங்க."

கிளம்பும்போது மருமகளைப் பார்த்தேன். நர்ஸ் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். மிச்ச நேரமெல்லாம் இவள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போடச் சொல்லியிருக்கிறார்கள், இரவிலும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. வீட்டாரைப் பராமரிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. இந்த எண்களை வகுப்பில் பலமுறை பலகையில் எழுதியிருக்கிறேன். அலாரம் வைத்துவைத்து எழுந்து கண்ணடியில் கறுத்துப்போன ஒருத்தியின் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சேச்சி அவளிடம், "உப்பாவைப் புரட்டறதை உன் புருஷனுக்கும் சொல்லிக்கொடு. உம்மாவுக்கு இடுப்பு வலி, உனக்கும் வர வேண்டாம்" என்றார். "அவருக்குக் கை வராது சேச்சி." "எனக்கு மட்டும் பிறக்கும்போதே வந்துதா?"

வியாழன், பறசினிக்கடவு

கண்ணூர் வரை ரயில், பிறகு பஸ். வளபட்டணம் ஆற்றங்கரையில் முத்தப்பன் கோயில். மற்ற தெய்யங்களுக்குக் காலம் உண்டு. துலாம் மாதம் பத்தாம் தேதி, அதாவது நம் ஐப்பசியில், தொடங்கி இடவத்தில் முடியும். முத்தப்பன் மட்டும் இங்கே தினமும் ஆடுவார். கள்ளும் மீனும் படையல். நாய்கள் சன்னிதிவரை உரிமையோடு திரிகின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் டீயும் வேகவைத்த பயறும் தேங்காய்க் கீற்றும்.

ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் என்னைத் தோழி அழைத்து வந்தாள். ஜனம் வரிசையில் நிற்கிறது. முத்தப்பன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொள்கிறார். வந்தவர் காதோடு சொல்கிறார்: கடன், கல்யாணம், வெளிநாட்டிலிருக்கும் மகன், வயிற்றுக்கட்டி. தெய்யம் தலையாட்டிக் கேட்டு, பாட்டும் பேச்சும் கலந்த அந்த இழுவையில் பதில் சொல்கிறது. ஒரு பெண் அழ ஆரம்பித்ததும் கையை விடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டது. வரிசை பொறுமையாக நின்றது.

அந்தக் கை பிடிப்பை நேற்று ஒரு கட்டிலோரம் பார்த்தேன். நான் அப்படிச் சொன்னதும் தோழி எச்சரித்தாள்: "உடனே சிகிச்சைன்னு எழுதிடாதே. இது தெய்வம். நம்ப வர்றவங்களுக்கு இது மருத்துவம் கிடையாது." சரிதான். ஆனால் கையைப் பிடித்திருப்பவர் மாலையில் வேஷம் கலைத்து வீட்டுக்குப் போகும் ஒரு மனிதரும்கூட. பேரழுகை ஒன்றைக் கேட்டு முடித்து அடுத்தவர் பக்கம் திரும்பும்போது அவர் முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு எந்த நம்பிக்கையும் தடை போடாது.

வெள்ளி இரவு, சனி விடியல், பய்யனூர் பக்கம் ஒரு காவு (தோப்புக் கோயில்)

பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்திருக்கிறது, சூட்டுப் பந்தம் அப்படியே இருக்கிறது. செண்டை அடி நெஞ்சுக்கூட்டில் விழுகிறது.

வேஷம் கட்டும் அணியறைப் பக்கம் அரைமணி நேரம் அனுமதித்தார்கள். பகவதித் தெய்யத்துக்கு முகம் எழுதுகிறார்கள். ஆடுகிறவர் தரையில் மல்லாந்து கிடக்கிறார், கண் மூடி. எழுதுகிறவர் தலைமாட்டில் குந்தியிருக்கிறார், அதனால் முகம் அவருக்குத் தலைகீழ். தென்னை ஈர்க்கின் நுனியைத் தட்டி நாராக்கிய தூரிகை. சாயில்யம் சிவப்பு, மனயோலை மஞ்சள். முன்னது பாதரசம் கலந்த கனிமம், பின்னது ஆர்செனிக். கண்ணிமையை ஒட்டிக் கோடு இழுக்கும்போது எழுதுகிறவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டார். படுத்திருப்பவரின் மூச்சு வெளியேறும் தாளத்துக்குத்தான் கோடு நகர்ந்தது. தோழியின் விலாவில் இடித்தேன். "பாருடி, உப்பா மூச்சு விடுங்க." அவளுக்குப் புரியவில்லை, புதன்கிழமை அவள் வரவில்லையே.

விடியலுக்குக் கொஞ்சம் முன் பொட்டன் தெய்யம். சங்கராச்சாரியார் வழியில் எதிர்ப்பட்ட, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட புலையனை விலகிப் போகச் சொல்ல, அவன் திருப்பிக் கேள்வி கேட்ட கதை. உங்களை வெட்டினாலும் எங்களை வெட்டினாலும் வருவது ரத்தம்தானே என்று தெய்யத்தின் கதைப் பாட்டான தோற்றம்பாட்டில் வரும் கேள்வியை இங்கே குழந்தைகளும் சொல்கின்றன. அதைப் பாடி ஆடுவது மலையர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதிக் கலைஞர்கள், வணங்கி நிற்பது எல்லாச் சாதியும். விடிந்து வேஷம் கலைந்ததும் யார் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பது வேறு கதை.

மரம் எரிந்து கனலாகக் குவிந்த மேட்டில் பொட்டன் மல்லாந்து விழுந்தார். குருத்தோலை உடை நீரில் நனைந்தது, அது காய்வதற்குள் எழுந்துவிட வேண்டும். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். மறுபடி விழுந்தார். மறுபடி. நடுவில் சாய்ந்து கிடந்தபடியே, "குளிருது, குளிருது" என்றார், கிண்டல் குரலில். கூட்டம் சிரித்தது. நான் இருபதடி தள்ளி நிற்கிறேன், முகம் காந்துகிறது.

முன்வரிசையில் பெரிய லென்ஸ்காரர்கள். தீப்பொறி பறக்கும் நொடியில் இருபது ஷட்டர் ஒன்றாக அடித்தது. 'அரிய நாட்டுப்புறக் கலை' என்று நாளைக்கு எழுதுவார்கள். ஜோன் கியலீனோஹோமோகு என்ற நடன மானிடவியலாளர் 1970 வாக்கில் கேட்டது நினைவுக்கு வந்தது: மற்றவர் ஆட்டத்தை மட்டும் இனநடனம் என்கிறோமே, ஐரோப்பிய பாலே நடனமும் ஒரு கூட்டத்தாரின் இனநடனம்தானே? தோழி இந்தக் கேள்விக்காகவே துறை மாறியவள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது வேறு. பக்தி சுடாமல் காக்கிறது என்றார் பக்கத்திலிருந்தவர். சேவைக்குச் சம்பளம் கேட்கக்கூடாது, மருமகளின் பாசத்துக்குத் தூக்கம் வேண்டாம், தெய்வத்துக்குத் தோல் சுடாது. மூன்றும் ஒரே வாயிலிருந்து வருகிற பேச்சு. எத்தனை விநாடி கிடக்கலாம், எந்தப் பக்கம் சாய்ந்தால் இழுக்கிறவருக்குக் கை எட்டும் என்பதெல்லாம் அந்த உடம்பு சின்ன வயதிலிருந்து பயின்றது. அதை வித்தை என்று ஒப்புக்கொண்டால் விலையும் பேச வேண்டிவரும். ஊர் அதைப் பேசத் தயாராக இல்லை. பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. கனலில் விழுவதற்கு அது வேண்டியிருக்கலாம். கனலிலிருந்து எழுவதற்குப் பயிற்சி வேண்டும், கூட இரண்டு ஆள் வேண்டும்.

ஞாயிறு, ஆடியவரின் வீடு

தோழிக்குப் பல வருஷப் பழக்கம் என்பதால் உள்ளே விட்டார்கள். பொட்டனாக ஆடியவர் திண்ணையில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பில் கயிறு பதிந்த தடம் இன்னும் சிவப்பாக. தொடைப் பின்புறம் கொப்புளம். நாளை மறுநாள் வேறொரு காவில் வேறொரு கோலம், அதற்குள் நடக்க வேண்டும். வேஷம் கட்டினால் மணிக்கணக்கில் ஒன்றுக்குப் போக முடியாது, அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள் என்றார். மூட்டு போய்விட்டது என்றார். சன்மானம் முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் ஆறேழு மாத வரும்படியில் வருஷத்தைத் தள்ள வேண்டும். மிச்ச மாதங்களில் பெயின்ட் அடிக்கப் போகிறார்.

தோழி கேட்டாள், அவர் சொன்னார், அவள் எழுதினாள். பரம்பரை, தோற்றம்பாட்டு, தாளம். நான் அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காயெண்ணெயில் துணியை நனைத்துக் காதோரம் ஒட்டிய சாயத்தைத் தேய்த்து எடுத்தார். கொப்புளத்தின் மேல் கை படாமல் சுற்றிலும் மருந்து தடவினார். அவரைப் புரட்ட வேண்டியபோது முழங்காலை மடக்கித் திண்ணையோடு ஒட்டி உட்கார்ந்தார், முதுகு வளையவில்லை. யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். மாமியார் படுக்கையில் கிடந்தபோது பாலியேட்டிவ் நர்ஸ் காட்டியதாம்.

"விரதம் இருக்கிறது அவர். விரதச் சமையல் நான். ஓலை சீவித்தர்றது நான், துணி அலசறது நான். காவுல நாங்க தூர நின்னு கும்பிடுவோம். சாமி மலையேறிடும், ஆள் எங்கிட்டதானே வர்றார்" என்று சிரித்தார். தொழிலுறுதி வேலைக்கும், நம் பக்கம் நூறு நாள் வேலை என்போமே அதற்கும், போகிறாராம். கோலம் உள்ள வாரத்தில் போக முடியாது, அந்தக் கூலி போய்விடும். அந்த நஷ்டம் காவுக் கணக்கிலும் வராது, புருஷனின் சன்மானத்திலும் சேராது.

தோழி பேனாவை மூடி வைத்துவிட்டு முதல்முறையாக அந்தம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஓலை சீவ எத்தனை நேரம், எந்தக் கத்தி, விரதச் சமையலில் எதைச் சேர்க்கக்கூடாது என்று ஆரம்பித்து மதியச் சோறு வரை போனது. நடுவில் கணவர் இரண்டு இடத்தில் திருத்தினார். இரண்டிலும் கணவர் சொன்னதுதான் தப்பு.

"கர்க்கடகத்துல வாங்க," என்றார் அந்தம்மா. கர்க்கடகம் நம் ஆடி. இங்கே பஞ்சம் பிடித்த மாதம், அடைமழை, தெய்யம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் மட்டும் வேடன் கோலம் கட்டி வீடு வீடாக வருவார்கள். "அப்பதான் இவருக்கு எண்ணெய் போட்டு, கஞ்சி வெச்சுக் கொடுத்து, அடுத்த சீசனுக்கு ஆளாக்கறது. அதுக்கு இதுவரை யாரும் கேமரா தூக்கிட்டு வந்ததில்லை."

ரயிலுக்குப் போகும் ஆட்டோவிலேயே தோழி ஜூலை கடைசிக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள். கேள்வித்தாளை நான் போடுகிறேன் என்றேன். பேட்டிக்கு உட்காரும் நேரத்துக்கு அந்தம்மாவுக்கு ஒருநாள் கூலி கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஆய்வு நிதியில் அதற்குத் தலைப்பு இல்லையே என்றாள். போக்குவரத்துச் செலவில் எழுத முடியாது, 'தகவலாளர் மதிப்பூதியம்' என்று போடலாமா என்று யோசித்தோம். அந்தச் சொல்லே வேண்டாம் என்றேன். கூலி என்றே போட்டு அனுப்புவது, கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது.